கோணிச் சாக்கில் கிடந்த ஈ ஓடுகள்: ஒரு தோட்டப்புற மரணத்தின் நாளைக் கணித்த கதை

இந்த நிகழ்வில் தொடர்புடையவர்கள் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக ஊரின் பெயரையும் சில குடும்ப விவரங்களையும் விட்டுவிட்டேன். மற்றவை நடந்தபடியே. பூச்சி மாதிரிகளை ஆராய்ந்த ஆய்வகத்தின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

## பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத் தென்பகுதியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறு நகரம். அதன் ஓரத்தில் பழைய லயத்து வீடுகள் ஒரு வரிசை இன்னும் இடிபடாமல் நிற்கிறது. பல வீடுகள் காலி. கடைசி வீட்டில், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தனியாக இருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. மனைவி காலமாகிவிட்டார். மகள் திருமணமாகிக் கிள்ளானில் இருக்கிறார். அக்காள் மகன் ஒருவருக்கு ஜொகூர் பாருவில் தொழிற்சாலை வேலை.

ஒரு வியாழக்கிழமை காலை, வாடை வந்ததால் பக்கத்து லயத்துக்காரர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போலீசுக்குத் தகவல் சொன்னார்கள். பெரியவர் சமையற்கட்டில், பின்கதவை ஒட்டி இறந்து கிடந்தார். சன்னல் பலகைகள் சாத்தியிருந்தன. பின்கதவு தாழ்ப்பாள் போடாமல் வெறுமனே சாத்தியிருந்தது. கதவுக்கு அடியில் இரண்டு விரல் அளவு இடைவெளி. கதவோரம் மிதியடியாகப் போட்டிருந்த கோணிச் சாக்கின் மேல் அவருடைய கால்கள் இருந்தன. பின்கதவைத் திறந்தால் சில அடி தூரத்திலேயே கோழிக்கூண்டு.

உடல் மிகவும் அழுகியிருந்தது. வெளிக்காயம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. திடீர் மரணம் என்று பதிவு செய்து, உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நம் ஊர் வெப்பத்தில் இந்த அளவு அழுகிய உடலை மட்டும் பார்த்து நாளைச் சொல்வது கடினம். நான்கு நாளாகவும் இருக்கலாம், ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கலாம் என்றார் மருத்துவர்.

## நாள் ஏன் முக்கியமானது

முந்திய வாரத்து ஞாயிற்றுக்கிழமை, அதாவது உடல் கிடைப்பதற்குப் 11 நாள் முன்னால், அக்காள் மகன் வந்து போயிருக்கிறார். பணம் தொடர்பாக மாமாவுக்கும் அவருக்கும் பலத்த வாய்த்தகராறு. லயம் முழுக்கக் கேட்டது. அன்றிரவே அவர் ஜொகூருக்குத் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு பெரியவரை உயிரோடு பார்த்ததாகச் சொன்னவர் ஒட்டுக்கடைக்காரர் ஒருவர்தான். சனிக்கிழமை சாயந்திரம் வந்து ரொட்டியும் வெற்றிலையும் வாங்கிப் போனார் என்றார். எந்தச் சனிக்கிழமை என்று அழுத்திக் கேட்டதும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. போன சனிக்கிழமையா, அதற்கு முந்தியதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாரா வாரம் ஒரே நேரத்தில் வந்து ஒரே பொருளை வாங்குபவர் விஷயத்தில் இந்தக் குழப்பம் இயல்புதான்.

ஆக, மரணம் 11 நாளுக்கு முன்னால் என்றால் சந்தேகம் அக்காள் மகன் மேல் விழும். நான்கைந்து நாள் என்றால் அப்போது அவர் அந்த ஊரிலேயே இல்லை. அதற்குள் லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. அவரைக் குற்றவாளியாகவே பேச ஆரம்பித்திருந்தார்கள்.

## கண்டவை

எங்களுக்கு வந்த மாதிரிகள் மூன்று வகை. முதலாவதும் மூன்றாவதும் போலீசார் வியாழன் நண்பகலில் சேகரித்தவை.

முதலாவது, உடலிலிருந்து எடுத்த புழுக்கள். ஒரு பகுதியை வெந்நீரில் போட்டுக் கொன்று, பிறகு எத்தனாலில் இட்டிருந்தார்கள். இன்னொரு பகுதியை உயிரோடு, துளையிட்ட டப்பாவில் ஈரல் துண்டுடன் அனுப்பியிருந்தார்கள். இப்படி இரண்டாகப் பிரித்தது மிகச் சரியான செயல். கொன்ற புழு அந்த நேரத்து வளர்ச்சியை அப்படியே நிறுத்தி வைக்கிறது. உயிருள்ளதை ஈயாக வளர்த்தால் இனத்தைக் கண்ணால் பார்த்தே உறுதி செய்யலாம்.

இரண்டாவது, பிரேதப் பரிசோதனை அறையில் எடுத்து ஃபார்மலினில் போட்ட ஒரு புட்டி புழுக்கள். ஃபார்மலின் உடலுறுப்புத் திசுவுக்கு ஏற்றது. ஆனால் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். அந்தப் புட்டியை உருவ ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்தினோம்.

மூன்றாவதுதான் வழக்கையே குழப்பியது. கால்களுக்கு அடியில் இருந்த சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி கூட்டுப்புழு ஓடுகள். பழுப்பு நிறம், பல காலியானவை. உடலைத் தூக்கும்போது மிதிபட்டு நிறைய நொறுங்கியிருந்தன. சாக்கின் மேல்பக்கமா அடிப்பக்கமா என்ற குறிப்பு எதுவும் பையில் இல்லை.

புழு முழு வளர்ச்சி அடைந்ததும் தீனியை விட்டு விலகி, உலர்ந்த இடம் தேடி ஊர்ந்து போகும். அதன் தோலே இறுகி ஓடாகும். உள்ளே ஈ உருவாகி, ஓட்டின் முனையைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே வரும். எனவே உடலுக்குப் பக்கத்தில் காலி ஓடு கிடந்தால், ஒரு தலைமுறை ஈ பிறந்து பறந்துவிட்டது என்று பொருள் கொள்வது வழக்கம். மலேசியாவில் பிணங்களில் அதிகம் காணப்படும் க்ரைசோமியா மெகாசெஃபாலா என்ற பச்சை ஈக்கு, 27 டிகிரி செல்சியஸ் அளவில், முட்டையிலிருந்து ஈயாக வெளிவர ஏறத்தாழ 9 முதல் 10 நாள் ஆகும். 11 நாள் என்ற கணக்குக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. விசாரணை அதிகாரி கவலைப்பட்டதும் இதனால்தான்.

ஆனால் உடலிலிருந்த புழுக்கள் வேறு கதை சொன்னன. எல்லாவற்றிலும் மூத்தவை, புழுவின் மூன்று வளர்ச்சிப் பருவங்களில் கடைசியான மூன்றாம் பருவத்தில், இன்னும் தின்றுகொண்டிருந்த நிலையில் இருந்தன. இரைப்பை நிறைந்திருந்தது. தீனியை விட்டு விலகிய புழு தரையில் ஒன்றுகூட இல்லை. சில புழுக்களின் உடலெங்கும் முள் போன்ற சதை நீட்சிகள். இவை க்ரைசோமியா ரூஃபிஃபேசீஸ். இந்தப் புழுவைப் பெயர் சொல்ல நுண்ணோக்கி போதும். மற்ற புழுக்களைத் தின்னும் பழக்கம் உள்ளது இது. மூத்த புழுக்களை இது தின்று தீர்த்துவிட்டால் நம் கணக்கு குறைவாக வரும் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

## இனம் தெரியாமல் நாள் தெரியாது

இங்கே ஒன்றை விளக்கமாகச் சொல்ல வேண்டும். பூச்சியை வைத்து நாள் கணக்கிடுவது என்றால், குறிப்பிட்ட வெப்பத்தில் குறிப்பிட்ட இனம் எந்தப் பருவத்தை எட்ட எவ்வளவு நேரம் எடுக்கும் என்ற அட்டவணையோடு ஒப்பிடுவது. இனம் மாறினால் அட்டவணை மாறும். இனத்தைத் தவறாகச் சொன்னால் அதற்குப் பிறகு செய்யும் கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தும் பயனில்லை.

சாக்கில் இருந்த ஓடுகள் சிறியவை. பச்சை ஈயின் ஓட்டை விடச் சிறியவை என்பது உண்மை. ஆனால் அளவை நம்ப முடியாது. போதிய தீனி கிடைக்காத புழு சிறிய ஓட்டையே கட்டும். பின்முனையிலுள்ள சுவாசத் துளைகளின் வடிவம்தான் உருவ அடிப்படையில் நல்ல அடையாளம். நொறுங்கியவற்றில் அந்தப் பகுதி கிடைக்கவில்லை. முழுதாக இருந்த சிலவற்றிலும் சேறும் சாக்கு நாரும் ஒட்டி, துளைகள் தேய்ந்திருந்தன. வீட்டு ஈயின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்ற அளவுக்குத்தான் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

குடும்பப் பெயர் இங்கே போதாது. அதே குடும்பத்தில் சாதாரண வீட்டு ஈயான மஸ்கா டொமெஸ்டிகா இருக்கிறது. பிணத்தை நாடும் சின்தெசியோமியா நூடிசெட்டாவும் ஹைட்ரோட்டியா ஸ்பினிஜெராவும் அதே குடும்பம்தான். இவற்றில் சின்தெசியோமியா மூடிய வீட்டுக்குள் கிடக்கும் உடல்களில் காணப்படும் இனம். சன்னல் சாத்திய வீட்டில் பச்சை ஈ உள்ளே வரத் தாமதமாகி, இது முந்திக்கொண்டது என்று ஒருவர் வாதிட்டால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. அப்படியானால் 11 நாள் கணக்கு மீண்டும் எழுந்து நிற்கும்.

## எடுத்த முடிவுகள்

மரபணு அடையாளம் கொண்டு இனத்தைக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தோம். தடயவியல் ஈக்களின் புழுவை டிஎன்ஏவால் இனம் பிரிக்கலாம் என்ற ஆய்வு 1994இல் ஃபெலிக்ஸ் ஸ்பெர்லிங்கும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டது. 2003இல் பால் ஹெபர்ட் குழுவினர், விலங்குகளுக்கெல்லாம் பொதுவான பார்கோடாகச் சிஓஐ என்ற மரபணுவின் ஒரு பகுதியை முன்வைத்தார்கள். சுமார் 650 டிஎன்ஏ எழுத்து நீளம். உயிரணுவுக்கு ஆற்றல் தரும் சிறு உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மரபணு இது. ஒரு உயிரணுவில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நூற்றுக்கணக்கான படிகளாக இருப்பதால், காய்ந்து போன ஓட்டில்கூடக் கொஞ்சம் மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. இந்த வழக்குக்கு அதுதான் முக்கியக் காரணம்.

அதோடு இன்னொரு முடிவும் எடுத்தோம். விசாரணை அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, மறுநாளே அந்த வீட்டுக்குப் போய்க் கோழிக்கூண்டின் அடியில் உள்ள எச்சத்திலிருந்து புழுவும் ஓடும் எடுத்துவரச் சொன்னோம். அவருக்கு முதலில் வியப்பு. “கூண்டு வெளியில இருக்கு ஐயா, உடம்பு உள்ள இருக்கு. சம்பந்தம் இருக்குமா?” என்று கேட்டார். கோழி எச்சம் வீட்டு ஈ பெருகும் முதல் இடம் என்பதையும், வளர்ந்த புழு உலர்ந்த மறைவிடம் தேடிக் கதவிடுக்கு வழியே சாக்குக்கு வந்துவிட முடியும் என்பதையும் சொன்னதும் புரிந்துகொண்டார். எங்கிருந்து எடுத்தது என்று படத்தோடு குறித்து, முத்திரையிட்டுக் கொண்டுவந்தார். சமையற்கட்டில் வெப்பத்தைப் பதிவு செய்யும் சிறு கருவியையும் சில நாள் வைக்கச் சொன்னோம். தகரக் கூரைக்குக் கீழே உள்ள வெப்பம், வானிலை நிலையம் தரும் அளவோடு ஒத்துப்போகாது. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் முந்திய நாள்களின் வெப்பத்தைத் திருத்திக் கணக்கிட முடியும்.

நஞ்சு பற்றியும் கேட்டோம். தோட்டப்புறங்களில் களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் குடித்து இறந்தவர்கள் எத்தனையோ பேர். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மலேசியாவில் தடை வந்ததே 2020 ஜனவரி 1இல்தான். உடலில் சிலவகைப் பூச்சிக்கொல்லி இருந்தால் ஈ முட்டையிடுவதே தாமதமாகும், புழு வளர்ச்சியும் மாறும். நஞ்சுப் பரிசோதனை முடிவு வரும் வரை நாளைப் பற்றி எழுத்தில் எதுவும் தருவதில்லை என்று தீர்மானித்தோம்.

## ஆய்வகத்தில்

புழுக்களின் விஷயம் சிக்கலில்லாமல் முடிந்தது. ஒவ்வொரு புழுவிலும் தலைப்பக்கத்தையும் பின்முனையையும் வெட்டிப் பத்திரப்படுத்தினோம். பின்னாளில் யாராவது கேள்வி எழுப்பினால் உருவத்தை மீண்டும் பார்க்க அவை வேண்டும். இரைப்பையை ஒதுக்கிவிட்டு, உடற்சுவர்த் திசுவிலிருந்து மட்டும் டிஎன்ஏ எடுத்தோம். புழு தின்றது மனித உடலை. இரைப்பையோடு அரைத்தால் மனித டிஎன்ஏவும் கலந்துவிடும். எழுத்து வரிசையை ஒப்பிட்டதில், நீட்சியில்லாத புழுக்கள் க்ரைசோமியா மெகாசெஃபாலா என்பது உறுதியானது. இதைப் போலவே தோற்றமளிக்கும் க்ரைசோமியா பிங்குயிஸ் பெரும்பாலும் கேமரன் மலை போன்ற உயர்ந்த இடங்களில் கிடைப்பது. அதையும் சிஓஐ பிரித்துக் காட்டியது. ஈரலில் வளர்த்த புழுக்கள் பிறகு ஈயாக வந்தபோது அதே பெயர்தான் கிடைத்தது.

ஓடுகள் பாடாய்ப் படுத்தின. முதலில் எல்லாவற்றையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து நிறம், அளவு, தடிப்பு பார்த்துப் பிரித்தோம். ஒரே சாக்கில் இரண்டு இனத்து ஓடுகள் கலந்திருக்கலாம். கோழி எச்சத்திலிருந்து வந்த நூறு ஓடுகளுக்கு நடுவே உடலிலிருந்து வந்த ஒன்று இருந்தாலும் முடிவு மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு குழுவிலிருந்தும் மாதிரி எடுத்தோம். வித்தியாசமாகத் தெரிந்ததைத் தனியாக எடுத்தோம். கழுவி, உலர்த்தி, பொடியாக்கி, டிஎன்ஏ பிரித்தோம். வரிசையைப் படிக்க முதலில் டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்க வேண்டும். முழு நீளப் பார்கோடு பெருகவே இல்லை. வெப்பமும் ஈரமும் மாறி மாறிப் பட்ட ஓட்டில் டிஎன்ஏ துண்டு துண்டாகியிருக்கும். அப்புறம் அதே மரபணுவுக்குள் 200 முதல் 300 எழுத்து நீளமுள்ள சிறு துண்டைக் குறிவைக்கும் பிரைமர்களை, அதாவது பெருக்க வேண்டிய இடத்தைக் காட்டும் குட்டி டிஎன்ஏ துண்டுகளை, பயன்படுத்தினோம். சில ஓடுகளில் அதுவும் தோற்றது. ஆனால் ஒவ்வொரு குழுவிலும் சிலவற்றில் தெளிவான வரிசை கிடைத்தது. ஓடுகளுக்கான வேலையைப் புழுக்களின் டிஎன்ஏவைக் கையாண்ட மேசையிலிருந்து விலகி, வேறு அறையில் செய்தோம். மாதிரியே சேர்க்காத வெற்றுக் குழாய் ஒன்றையும் ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டினோம். அந்தக் குழாய் கடைசிவரை வெறுமையாகவே வந்தது. இவ்வளவு குறைந்த டிஎன்ஏவில், பக்கத்து மேசையிலிருந்து வந்த ஒரு தூசுகூட விடையை மாற்றிவிடும்.

விடை: சாக்கிலிருந்து வரிசை கிடைத்த ஓடுகள் எல்லாமே மஸ்கா டொமெஸ்டிகா, அதாவது சாதாரண வீட்டு ஈ. அந்த இனத்தின் பதிவு வரிசைகளோடு 99 விழுக்காட்டுக்கு மேல் பொருந்தின. சின்தெசியோமியாவும் ஹைட்ரோட்டியாவும் எட்டவே நின்றன.

பொதுத் தரவகத்தோடு ஒப்பிட்டதோடு நிறுத்தவில்லை. இணையத்திலுள்ள டிஎன்ஏ தரவகங்களில் இனப்பெயர் தவறாகப் பதிவான வரிசைகளும் உண்டு. கூண்டிலிருந்து வந்த புழுக்களை வளர்த்து, வெளிவந்த ஈக்களைக் கண்ணால் பார்த்து வீட்டு ஈ என்று உறுதி செய்தபின், அவற்றின் சிஓஐ வரிசையைச் சாக்கு ஓடுகளின் வரிசையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒத்துப்போயின.

இதற்கு மேல் எதைச் சொல்லக்கூடாது என்பதையும் அறிக்கையில் எழுதினோம். இனம் ஒன்று என்பதால் அந்த ஓடுகள் கூண்டிலிருந்துதான் வந்தன என்று நிரூபணமாகிவிடாது. வீட்டு ஈ பிணத்துக்கும் வருவது உண்டு. ஆனால் உடலில் எடுத்த புழுக்களில் வீட்டு ஈப் புழு ஒன்றுகூட இல்லை. கூண்டிலோ ஏராளம். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, ஓடுகளை மரண நாள் கணக்கிலிருந்து விலக்கினோம். ஒருவேளை சாக்கில் பச்சை ஈயின் ஓடு கிடைத்திருந்தால் சிஓஐ எங்களுக்குக் கைகொடுத்திருக்காது. அந்த ஈ மீன் கழிவிலும் செத்த கோழியிலும்கூட வளரும். ஒரு புழு எதைத் தின்று வளர்ந்தது என்பதை இனப்பெயர் சொல்லாது.

## கணிப்பும் விளைவும்

நஞ்சுப் பரிசோதனையில் எதுவும் தென்படவில்லை. பிரேதப் பரிசோதனையில் இதய ரத்தக்குழாய் அடைப்பு கடுமையாக இருந்தது தெரிந்தது. எலும்பு முறிவோ காயமோ இல்லை.

திருத்திய வெப்ப அளவைக் கொண்டு, மூத்த மெகாசெஃபாலா புழுக்களின் வயதைக் கணக்கிட்டோம். புழுக்கூட்டம் தானே உண்டாக்கும் சூட்டுக்கும் இடம் விட்டோம். முட்டையிட்டது ஞாயிற்றுக்கிழமை பகலிலிருந்து திங்கட்கிழமை காலைக்குள் என்று வந்தது. பச்சை ஈ இரவில் முட்டையிடுவது அரிது. கதவிடுக்கு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும் என்பதால் சில மணி நேரத் தாமதமும் இருக்கலாம். எனவே அவர் திங்கட்கிழமை காலைக்கு முன்பே இறந்துவிட்டார் என்று உறுதியாகவும், சனிக்கிழமை இரவுக்கும் ஞாயிறு பகலுக்கும் இடையில் இறந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும் எழுதினோம். தரையில் விலகிய புழுவோ பச்சை ஈ ஓடோ இல்லாத நிலையில், 11 நாள் என்பதற்குப் பூச்சிகளிடமிருந்து ஆதாரம் எதுவும் இல்லை என்பதைத் தனி வரியாகச் சேர்த்தோம்.

ஒட்டுக்கடைக்காரர் சொன்ன சனிக்கிழமை, உடல் கிடைப்பதற்கு முந்திய சனிக்கிழமைதான் என்பதோடு இது ஒத்துப்போனது. அக்காள் மகன் அந்த வாரம் முழுக்கவும் அந்த வார இறுதியிலும் ஜொகூர் பாருவில் வேலையில் இருந்ததைத் தொழிற்சாலை வருகைப் பதிவு காட்டியது. போலீசார் அவர்மேல் மேல் நடவடிக்கை இல்லை என்று கோப்பை முடித்தார்கள். லயத்தில் பேச்சு ஓய நாளானது என்று கேள்விப்பட்டேன்.

மகள் கேட்டது வேறு. விசாரணை அதிகாரி வழியாகவே அந்தக் கேள்வி எங்களுக்கு வந்தது: “அப்பாவுக்கு எந்த நாள்ல திதி கொடுக்கிறது?” அறிவியல் அறிக்கையில் இதற்கு இடமில்லை. ஆனால் எங்களைப் பொறுத்தவரை, அந்தப் புழுக்களை ஆராய்ந்ததற்கு நீதிமன்றத்துக்குச் சொல்லும் பதிலைப் போலவே இதுவும் ஒரு பயன். சனி இரவு முதல் ஞாயிறு பகல் வரை என்ற காலத்தை மட்டும் சொன்னோம். ஒரே ஒரு நாளைக் குறித்துத் தர எங்களுக்கு உரிமையில்லை, ஆதாரமும் இல்லை. குடும்பத்தார் கோயில் பூசாரியிடம் கேட்டு, அந்தக் காலத்துக்குள் ஒரு திதியை வைத்துக்கொண்டார்கள்.

## இனி மாற வேண்டியவை

தரையிலிருந்தோ துணியிலிருந்தோ ஓடு எடுத்தால், எந்தப் பக்கம், உடலிலிருந்து எவ்வளவு தூரம், மேலே என்ன இருந்தது என்பதை எடுக்கும்போதே குறிக்க வேண்டும். இந்த வழக்கில் ஓடுகள் சாக்கின் எந்தப் பக்கம் இருந்தன என்று தெரிந்திருந்தால் பாதிக் கேள்வி அங்கேயே முடிந்திருக்கும். சேகரித்த ஓடுகளை ஒரே பையில் கொட்டாமல், முழுதாக இருப்பவற்றைச் சிறு புட்டியில் தனியாகப் போட்டால் சுவாசத் துளைகளும் தப்பும்.

பிரேதப் பரிசோதனை அறையில் புழுவுக்கென்று எத்தனால் புட்டி தனியாக இருக்க வேண்டும். அதிகச் செலவில்லாத ஏற்பாடு இது.

தோட்டப்புற வீடுகளில் கோழி, ஆடு, மாடு வளர்ப்பது சகஜம். வீட்டைச் சுற்றியுள்ள கூண்டு, தொழுவம், குப்பைக்குழி ஆகியவற்றிலிருந்தும் மாதிரி எடுப்பது முதல் நாளே நடக்க வேண்டும். இங்கே மறுநாள் போனபோதும் கூண்டு அப்படியே இருந்தது. துப்புரவு செய்ய ஆள் வந்திருந்தால் ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

ஆய்வகப் பக்கத்தில், சிஓஐ தாய்வழியாக மட்டும் வரும் மரபணு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். லூசிலியா செரிகேட்டாவும் லூசிலியா குப்ரினாவும் போலக் கலப்பினம் உண்டாகும் ஈக்களில் இது மட்டும் போதாது, தாய், தந்தை இருவர் வழியாகவும் வரும் உட்கரு மரபணு ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த வழக்கில் அந்தத் தேவை வரவில்லை. உருவத்தால் பெயர் உறுதியான உள்ளூர் ஈக்களின் வரிசைகளைச் சேர்த்துவைக்கும் வேலையை அதற்குப் பிறகு தொடங்கினோம். கூண்டில் வளர்ந்த வீட்டு ஈக்களின் வரிசைகளும் அதில் இருக்கின்றன. அவற்றை ஊசியில் குத்தி, எடுத்த இடமும் நாளும் எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். சந்தேகம் வந்தால் பெட்டியைத் திறந்து ஈயையே பார்க்கலாம்.